திரையில் நின்ற வள்ளம்

மச்சாளின் கணினித் திரையின் முதுகில் ஓர் அட்டைத்துண்டு ஒட்டியிருந்தது. பிஸ்கட் பெட்டியை வெட்டி நீலப் பேனையால் எழுதியது: "குளோன் போடாதை. முதல் யோசி." அவளுடைய மேசைக்கு எதிரே என் மேசை. நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் என் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே அதைத் திரையின் முதுகில் ஒட்டியிருந்தாள். புதிதாக வந்த மேலாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது என்ன அலுவலக விதியா என்று கேட்டார். "இல்லை, உவளுக்கு மட்டும்," என்று என்னைக் காட்டினாள் மச்சாள். அந்தாள் சிரித்துக்கொண்டு போனார். எனக்கு அன்று முழுக்க எரிச்சல்.

மச்சாள் என் அம்மாவின் அண்ணனுடைய மகள். என்னைவிட இரண்டே இரண்டு மாதம் மூத்தவள். அந்த இரண்டு மாதத்தை வைத்துக்கொண்டு அவள் என்னை ஆட்டிய ஆட்டம் சொல்லி முடியாது. வல்வெட்டித்துறையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பல்கலைக்கழகம், கடைசியில் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் ஒரே வேலை. காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். அச்சுவேலியில் மரக்கறிக் கூடைகள் ஏறியதும் கால் வைக்க இடமிருக்காது. அந்த நெரிசலிலும் அவள் முதல் நாள் நான் விட்ட பிழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வருவாள். பக்கத்திலிருப்பவர்கள் எங்களுக்கு ஏதோ குடும்பப் பிரச்சினை என்று நினைத்திருப்பார்கள்.

நாங்கள் எழுதியது ரஸ்ட் என்கிற மொழியில். கணினியின் அடிவயிற்றில் வேலை செய்யும் புரோகிராம்களை எழுதுகிற மொழி அது. நாங்கள் எழுதியதைச் சரிபார்த்துப் புரோகிராமாக மாற்றுகிற அதன் கம்பைலரைப் போலப் பிடிவாதக்காரரை நான் கண்டதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரேயொரு சொந்தக்காரர்தான் என்பது அதன் சட்டம். மற்றவர்கள் இரவல் வாங்கலாம். ஆனால் சொந்தக்காரர் போன பிறகும் இரவலை வைத்திருக்கக்கூடாது. ஒருவர் இரவல் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதை மாற்றவும் கூடாது. மீறினால் புரோகிராமை உருவாக்கவே விடாது. திரை முழுக்கச் சிவப்பாய்ப் பிழை கொட்டும். கிடங்கு தோண்டப் பக்கத்து வீட்டு அலவாங்கை வாங்கி வைத்துக்கொண்டிருக்க, அவர்கள் வீட்டை விற்றுக் கனடா போனால் என்ன செய்வாய், அதுதான் ஆயுட்காலப் பிழை என்பாள் மச்சாள்.

அந்தப் பிழைகளைத் திருத்துவதில் எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு வழி. அவள் பேனையை வாயில் கடித்துக்கொண்டு, யார் சொந்தக்காரர், யார் எவ்வளவு நேரம் வைத்திருக்கிறார்கள் என்று கடதாசியில் கோடு போட்டுப் பார்ப்பாள். சில வேளை அரை நாள் போய்விடும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இரவல்தானே பிரச்சினை, எனக்கென்று ஒரு நகல் எடுத்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க முடியாதே. அதற்கு ஒரு சொல் போதும், குளோன். அதைப் போட்டதும் சிவப்பெல்லாம் போய்விடும். பலகையில் எழுதியிருப்பதை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வது மாதிரித்தான். பலகையில் பிறகு என்ன மாறினாலும் துண்டில் பழையதுதான் இருக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அவசரத்தில் மறக்கிற சாதி நான்.

மாமா, அதாவது மச்சாளின் அப்பா, கடலுக்குப் போகிறவர். வாடைக்காற்றுக் காலத்தில் வள்ளங்கள் எங்கே நிற்கின்றன என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் வயிற்றில் நெருப்போடு இருந்த வீடுகள்தான் எங்கள் இரண்டும். அதனால்தான் மச்சாளும் நானும் ஒரு வேலையைத் தொடங்கினோம். வள்ளத்தில் ஒரு சின்னப் பெட்டி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது தான் நிற்கும் இடத்தை வானொலி அலையில் சொல்லும். கரையில், கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஒரு கணினி அதை வாங்கிப் படத்தில் புள்ளியாகக் காட்டும். சனி, ஞாயிறுகளில் செய்த வேலை, அலுவலகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து, சரியென்பதற்கு "ஓம்" போட்ட பிறகுதான் சேர்ப்பது என்ற அலுவலக வழக்கத்தை இங்கேயும் வைத்திருந்தோம். அதில் மச்சாள் கண்டிப்பானவள். என்னுடைய குளோன்களில் முக்கால்வாசி அவளுடைய கையால்தான் செத்தன.

முதல் பெட்டி மாமாவின் வள்ளத்தில். அவர் அதைத் தொட்டுப் பார்த்து, ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். "என்ரை பிள்ளையள் செய்தது. நான் எங்கை நிண்டாலும் உவளுகளுக்குத் தெரியும்." நானும் அவருக்குப் பிள்ளைதான். ஒரு மாதம் கழித்து அவரே ஒன்று கேட்டார். "ஆபத்தெண்டால் அமத்திறதுக்கு ஒரு பொத்தான் வையுங்கோ. அமத்தினால் கரையிலை பெரிசாத் தெரியோணும். வயசு போனவங்களுக்கும் தெரியோணும்." நல்ல யோசனை. அதை எழுதுகிற பொறுப்பை நான் எடுத்தேன்.

பொத்தான் அமத்தப்பட்டதும் திரை முழுவதையும் மூடி ஒரு சிவப்புப் பெட்டி வரும். அதில் வள்ளத்தின் பெயர், இடம், நேரம், பெரிய எழுத்தில். கீழே படம் இருக்கும், ஆனால் தெரியாது. சிவப்புப் பெட்டியை மூடினால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பதிவாகும்படி நானே அமைத்தேன். அந்தப் பெட்டி வள்ளத்தின் பதிவை இரவல் வாங்கிக் காட்டவேண்டும். அதே பதிவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிற புதிய இடம் மாற்றவும் வேண்டும். கம்பைலர் விடுமா? இரவல் வாங்கினவள் திருப்பித் தரும்வரை மாற்ற முடியாது என்று நின்றது. ஆயுட்காலக் குறிகளை இங்கே போட்டேன், அங்கே போட்டேன். ஒன்றைத் திருத்த நான்கு முளைத்தன. இரண்டு மணித்தியாலம் போனது. கடைசியில் வள்ளத்தின் பதிவுக்குப் பக்கத்தில் குளோன் என்று போட்டேன். ஒரு பிழையும் இல்லாமல் எல்லாம் உருவானது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இப்போதும் நினைவிருக்கிறது. நினைக்க வெட்கமாக இருக்கிறது.

மச்சாள் அப்போது தைத்த சட்டையை வாங்கத் தையல்காரியிடம் போயிருந்தாள். மறுநாள் சாவகச்சேரியில் சிநேகிதியின் கலியாணம். நான் போனில் பிடித்தேன். "கெதியா ஓம் போடு, மாமா விடிய கடலுக்குப் போறார். பொத்தான் வேலை செய்யோணும்."

"நாளைக்கு வந்து ஆறுதலாப் பாக்கிறனே."

"உதிலை பாக்க என்ன கிடக்கு? சின்ன மாத்தம்தான். காத்து வேறை கூடிக்கொண்டு போகுது."

அவள் போனிலேயே திறந்து பார்த்தாள். கைக்குள் அடங்குகிற திரையில் எதைப் பார்த்திருப்பாள். "ஓம்" வந்தது. பின்னேரம் மாமாவோடு கடற்கரைக்குப் போய்ப் பொத்தானை அமத்திப் பார்த்தோம். சங்கத்துத் திரையில் சிவப்புப் பெட்டி வந்தது, இடம் துல்லியமாக இருந்தது. சரியாக வேலை செய்கிறது என்று கைதட்டினேன். வள்ளம் மணலில் இழுத்து வைத்திருந்தது. அசையாத வள்ளத்தில் பரிசோதித்தால் இடம் மாறாதுதானே. இத்தனை படித்த எனக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் மாமாவோடு வழமையாகப் போகிறவருக்குக் காய்ச்சல். மாமா தனியே போனார். பதினொரு மணிக்குச் சங்கத்தில் சிவப்புப் பெட்டி வந்தது. என்னைக் கூப்பிட்டார்கள், ஓடினேன். எஞ்சின் நின்றுவிட்டது போல. மாமாவின் போன் எடுபடவில்லை. ஆனால் இடம் தெரிகிறதே என்ற தைரியம் எல்லாருக்கும். இரண்டு வள்ளங்கள் புறப்பட்டன. நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடம், இருபது நிமிடம், இடம் மாறவில்லை. மச்சாள் கலியாண வீட்டிலிருந்து எடுத்தாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"அப்பா எங்கை நிக்கிறார்?"

"அதே இடத்திலைதான். நங்கூரம் போட்டிட்டார் போலை, அசையேல்லை. பயப்பிடாதை."

பன்னிரண்டரைக்குப் போன வள்ளத்திலிருந்து அழைப்பு வந்தது. "இங்கை ஒண்டுமில்லை பிள்ளை."

"வடிவாப் பாருங்கோ," என்றேன். "அங்கைதான் நிக்கிறார்."

சங்கத் தலைவர் எனக்குப் பின்னால் நின்றார். நாற்பது வருடம் அந்தக் கடலில் கிடந்தவர். "உந்தக் காத்துக்கு ஆற்றை நங்கூரம் நிக்கும்? மேற்காலை இழுத்திருக்கும். மேற்கை விடச் சொல்லு," என்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையைத்தான் காட்டினேன். "இல்லை ஐயா, மிசின் பிழை விடாது. காத்தைப் பாத்துச் சொல்லுறதைவிட இது சரி." அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "படிச்ச பிள்ளை சொன்னால் சரிதான்," என்றார். அதில் குத்தல் இருக்கவில்லை. அவர் உண்மையிலேயே நம்பிவிட்டார்.

மூன்று மணிக்கு மேற்கே ஒரு கரையிலிருந்து தகவல் வந்தது. முருகைக்கல் பாறையில் ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடக்கிறதாம். மாமாவின் உடலை அதற்குக் கொஞ்சம் தள்ளி எடுத்தார்கள். மச்சாள் கலியாணச் சேலையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அப்போது எனக்கு எதுவும் தெரியாது. தெரியாமல் அழுத கடைசி அழுகை அது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவுக்கு அடுத்த நாள் சங்கத்துக் கணினியில் பதிவுக் கோப்பைத் திறந்தேன். வானொலியில் வந்தது எல்லாம் அதில் வரிசையாக இருந்தது. பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி தாண்டும் வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, மாமாவின் பெட்டி தான் நிற்கும் இடத்தைச் சரியாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. மேற்கே, இன்னும் மேற்கே. கீழே மறைந்திருந்த படத்தில் புள்ளியும் நகர்ந்திருக்கும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த சிவப்புப் பெட்டியில் மட்டும் என் நகல், பதினொரு மணியோடு நின்றுபோய் இருந்தது.

திருத்தம் மிகச் சிறியது. நகலையும் வைத்திருக்காமல், இரவலையும் வைத்திருக்காமல், வள்ளத்தின் இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, காட்டவேண்டிய ஒவ்வொரு முறையும் பட்டியலில் போய்ப் பார்த்துவிட்டு உடனே விட்டுவிடவேண்டும். கண நேர இரவல். கம்பைலர் ஒரு முனகலும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. நான்கு வரி. மச்சாள் என்றால் அரை நாள் கோடு போட்டு இதைத்தான் கண்டுபிடித்திருப்பாள். மாற்றத்துக்கான குறிப்பில் "ஆயுட்காலப் பிழை திருத்தம்" என்று மட்டும் எழுதினேன். பிறகு அந்தப் பதிவுக் கோப்பை என் மடிக்கணினிக்கு எடுத்துக்கொண்டு, சங்கத்துக் கணினியிலிருந்து நீக்கினேன். அவள் பார்த்துவிடக்கூடாது என்று. முதல் பாவம் தெரியாமல் செய்தது. இதைத் தெரிந்தே செய்தேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து மச்சாள் வேலைக்கு வந்தாள். என் திருத்தம் அவளுடைய பார்வைக்காகக் காத்துக் கிடந்தது. வேறு யாரும் பார்க்க ஆளில்லை. அவள் அதைத் திறந்தபோது நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். நெடுநேரம் பார்த்தாள். நீக்கிய வரி சிவப்பிலும் சேர்த்த வரி பச்சையிலும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். அவளைப் போன்ற ஒருத்திக்கு விளங்க அரை நிமிடம் போதும். இப்போது கேட்பாள், இப்போது கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் "ஓம்" போட்டுவிட்டு எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனாள்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் வேறு வேறு இருக்கை. கேட்டால் பதில், அவ்வளவுதான். என்னை வெறுக்கிறாள் என்று முடிவுகட்டினேன். வெறுக்கட்டும், அதற்கு நான் தகுதியானவள்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வதில் ஒரு வசதி இருந்தது. வாயைத் திறக்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் அவளுக்குக் கனடாவில் கலியாணம் பேசினார்கள். போகிற நாளில் எல்லாரையும் போல எனக்கும், "போட்டு வாறன்," என்றாள். அங்கே அவள் புரோகிராம் எழுதவில்லை. ஒரு வெதுப்பகத்தில் பாண் பொதி செய்கிறாள் என்று மாமி, அவளுடைய அம்மா, சொன்னார். எங்கள் அலுவலகத்தில் அவளைப் போல அந்த மொழியை விளங்கிக்கொண்ட இன்னொருவர் இன்றுவரை வரவில்லை.

இப்போது ஆறு வருடம். போன மாதம் ஒரு பின்னேரம், மாமி தன் போனில் சத்தம் வருவதில்லை என்று கூப்பிட்டார். வேலையால் வந்த கையோடு, தோளில் மடிக்கணினிப் பையுடன் போனேன். போனில் ஒன்றுமில்லை, சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார். தேத்தண்ணி தந்துவிட்டு மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். "அங்கை பெரிய ஏரி ஒண்டு இருக்காம். பேரன் போவம் போவம் எண்டு அழுறானாம். இவள் அதுக்குக் கிட்டவும் போறாளில்லை. தான் வடிவாப் பாக்காமல் ஓம் போட்டதாலைதான் அப்பா போனவர் எண்டு இன்னும் சொல்லுறாள் பிள்ளை."

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். "மாமி, அதை எழுதினது நான்."

"தெரியும். அவள் அப்பவே சொன்னவள்."

ஆறு வருடமாக இந்த வீட்டில் எத்தனை தேத்தண்ணி குடித்திருப்பேன். மாமி ஒரு நாளும் முகத்தைச் சுளித்ததில்லை. எனக்கு மாமியின் காலில் விழவேண்டும் போலிருந்தது. மன்னியுங்கோ மாமி என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்குச் சொல்லி என்ன? அவளுக்குச் சொல்லு," என்று போனில் அவளுடைய இலக்கத்தை அமத்தி என் கையில் தந்தார். அங்கே விடிந்த நேரம். "அம்மா, சொல்லுங்கோ," என்று அவளுடைய குரல் வந்தது.

என்னென்ன சொன்னேனோ தெரியாது. குளோன், சிவப்புப் பெட்டி, நங்கூரம் என்று நான் சொன்ன பொய், எல்லாம் முன்னுக்குப் பின். உன்னை அவசரப்படுத்தி ஓம் போட வைத்ததும் நான்தான், உன்னில் ஒரு பிழையுமில்லை என்றேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"சரியடி," என்றாள். "அது ஆர் எண்டு கதைச்சு இனி என்ன? எனக்கு ஒண்டுதான் வேணும். அண்டைக்கு அப்பா எங்கை எண்டு உன்னட்டைக் கேட்டனான். அதுக்கு நீ இன்னும் பதில் சொல்லேல்லை. சங்கத்திலை போய்ப் பாத்தனான், பதிவைக் காணேல்லை. நீ வைச்சிருப்பாய் எண்டு தெரியும். நீயாத் தருவாய் எண்டு இருந்தனான்."

பையைத் திறந்தேன். மூன்று மடிக்கணினி மாறியும் அந்தக் கோப்பு என்னோடு வந்துகொண்டுதான் இருந்தது. அவள் அங்கே படத்தை விரித்து வைத்தாள். நான் நேரத்தையும் இடத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். அவள் ஒவ்வொன்றையும் குறித்தாள். மாமி என் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்திருந்தார். பதினொன்று பத்து. பதினொன்று பதினைந்து. மேற்கே, மேற்கே. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வந்தபோது, "நில்," என்றாள். "அடுத்ததை வாசி. அதுக்கு அடுத்த ரெண்டையும்." வாசித்தேன்.

"கிழக்கை வந்திருக்கு," என்றாள். "காத்துக்கு எதிரா வந்திருக்கு. நாலு குறி. அப்பா தண்டு வலிச்சிருக்கிறார் அம்மா. வீட்டை வரப் பாத்திருக்கிறார்."

மாமி வாயைப் பொத்திக்கொண்டார். நான் அந்த நான்கு வரிகளையும் பார்த்தேன். ஆறு வருடமாக எத்தனை தடவை இந்தக் கோப்பைத் திறந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதில் என் பிழையைத் தேடித்தான் பார்த்தேன். மாமா எப்போதும் எனக்கு மேற்கே போய்க்கொண்டுதான் இருந்தார். அவர் அந்தக் காற்றில் தனியே இருந்து இருபது நிமிடம் எங்களை நோக்கித் துடுப்பு வலித்ததை நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

"மிச்சத்தையும் வாசியடி," என்றாள் மச்சாள்.